இரண்டு குப்பத்துச் சண்டையைப் பாட்டாகப் பாடலாமா? இம்பால் டாக்கீஸ் கேட்டவர்கள் வாருங்கள்

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். கிடார், பேஸ், டிரம்ஸ், பறை, ஒரு பாட்டுக்காரன். மூன்று வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறோம். எங்கள் தாத்தாக்கள் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டை எடுத்து, அதன் தாளத்தை மாற்றாமல் கிடாரும் பறையும் சேர்த்துப் பாடுவோம். அம்பா கேட்டவர்களுக்குத் தெரியும், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடும்போதுதான் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும், பாட்டு நின்றால் வலை கனத்துப்போகும். அந்த இழுவைதான் எங்களுக்கு ராக். கல்லூரி விழா, பாண்டியில் இரண்டு பொங்கல் விழா, நாலைந்து கல்யாண வரவேற்பு என்று மேடை கிடைத்தது.

நான் ஒரு குப்பம், பாட்டுக்காரன் பக்கத்துக் குப்பம். எங்கள் பக்கம் எல்லாம் சின்ன ஃபைபர் படகு. அவன் பக்கம் சுருக்குமடியில் பங்கு போட்டவர்கள் அதிகம், அவன் மாமாவுக்கும் பங்கு உண்டு. இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சுருக்குமடி என்பது மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து, அடியில் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்துப் பை மாதிரி சுருக்கி அள்ளுகிற பெரிய வலை. மத்தியும் காணாங்கெளுத்தியும் டன் கணக்கில் வரும். அப்படி அள்ளிவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று சின்னப் படகுக்காரர்கள் கேட்கிறார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வலை போட்டாயிற்று, இனி நாங்கள் எங்கே போவது என்று சுருக்குமடிக்காரர்கள் கேட்கிறார்கள்.

சில வருடம் முன்னால் கடலில் தொடங்கிய வாய்த்தகராறு கரை வரைக்கும் வந்தது. முதலில் கல், பிறகு கட்டை, அப்புறம் தீ. ஒரு சுருக்குமடி வலை கரையிலேயே எரிந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டு குப்பத்துக்கும் பெண் கொடுப்பது எடுப்பது இல்லை, சாவுக்குக்கூடப் போவதில்லை. நானும் அவனும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நண்பன் வீட்டு மாடியில்தான் ஒத்திகை பார்க்கிறோம். இரண்டு பேருமே வீட்டில் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

போன மாதம் மணிப்பூர்க் குழு இம்பால் டாக்கீஸின் பாட்டுகளைக் கேட்டேன். பாதிக்கு மேல் மொழியே புரியவில்லை, ஆனாலும் விடிய விடியக் கேட்டேன். அந்தக் குரலில் கூச்சல் கிடையாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செத்தவர்கள் பெயரைச் சொல்கிற மாதிரி இருந்தது. எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி நாங்களும் ஒரு பாட்டு கட்டினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கரைக்குத் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் வரும், எல்லாக் குப்பத்து ஜனமும் அங்கே இருக்கும். அன்றைக்குப் பாட வேண்டும் என்று ஆசை. அம்மா வேண்டாம் என்கிறார்.

அந்தக் குழுவை ரொம்ப நாளாகக் கேட்பவர்கள் சொல்லுங்கள், அவர்கள் பாடியதால் அங்கே என்ன ஆனது? இரண்டு பக்கமும் சொந்த ஜனமாக இருக்கும்போது எப்படி எழுதுவது?

முதலியார்பேட்டை சவுண்டு (புதுச்சேரி):

தம்பி, நான் இருபது வருடமாக மைக் செட் போடுகிறவன். எத்தனையோ குழுக்களுக்குச் செய்திருக்கிறேன். இம்பால் டாக்கீஸை நேரில் பார்த்ததில்லை, ஆனால் பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2008-இல் ஆரம்பித்த குழு அது. ஆரம்பித்தவர் அகு சிங்ஙாங்பாம், டெல்லியில் இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். மணிப்பூரியிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறார்கள். அவர்களுடைய முதல் பாட்டுகளைப் புரிந்துகொள்ள 1958-இல் வந்த ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலவரப் பகுதி என்று அறிவித்த இடத்தில் தடையை மீறுகிறவர்களை எச்சரித்துவிட்டு உயிர் போகிற அளவுக்கும் படை சுடலாம், சுட்டவர் மேல் வழக்குப் போட மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்கிற சட்டம். 2000 நவம்பர் 2-ஆம் தேதி இம்பாலுக்குப் பக்கத்தில் மாலோம் என்ற இடத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்த 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் இரோம் சர்மிளா அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி உண்ணாவிரதம் ஆரம்பித்தார், மூக்கில் குழாய் வைத்துத் திரவ உணவு ஏற்றி ஏற்றி 2016 ஆகஸ்ட் வரை, கிட்டத்தட்ட 16 வருடம் ஓடியது. இந்தக் குழு அவரைப் பற்றியும் பாடியிருக்கிறது.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துப் பாட்டுகளில் எதிரில் நிற்பது துப்பாக்கி வைத்திருக்கிற அரசு. ஆபத்து இருந்தாலும் மனசு பிளவுபடாமல் பாடலாம், கேட்கிற ஊரே உன் பக்கம் நிற்கும். 2023 மே 3-க்குப் பிறகு அங்கே நிலைமை வேறு. பள்ளத்தாக்கில் அதிகம் இருக்கிற மெய்தெய் இனத்துக்கும் மலையில் இருக்கிற குக்கி இனத்துக்கும் நடுவில் வெடித்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள், சுமார் 60,000 பேர் வீட்டை விட்டு ஓடினார்கள், பள்ளத்தாக்கில் இருப்பவர் மலைக்குப் போக முடியாது, மலையில் இருப்பவர் இம்பாலுக்கு வர முடியாது. அகு மெய்தெய்க்காரர். அந்த வருடம் டிசம்பர் கடைசியில் இம்பாலில் அவரை ஆயுதம் வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள், பிறகு விட்டார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே பாடுகிறவனுக்கும் பாதுகாப்பு இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொள்.

அதனால் என்ன ஆனது என்று கேட்டாய். சட்டம் போகவில்லை, சண்டை தீரவில்லை. ஆனால் மாலோம் என்ற ஊர் பெயரைப் பாண்டிச்சேரியில் உட்கார்ந்திருக்கிற நான் தெரிந்து வைத்திருப்பது செய்தித்தாள் படித்து இல்லை, பாட்டு கேட்டுத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெவ்வேறு இனத்துக் குழந்தைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பாட்டு எழுத, பாட வைக்கிற வேலையும் அவர் செய்தார். மேடைப் பாட்டைவிட அதுதான் பெரிது என்று எனக்குப் படுகிறது. அது கைதட்டு கிடைக்காத வேலை.

மோரே பேத்தி (புதுச்சேரி):

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பாட்டியின் தங்கை குடும்பம் இன்னும் மணிப்பூரில் மோரேயில் இருக்கிறது.

பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம் ஜனங்கள் கப்பலில் திரும்பினார்கள். இங்கே பிழைக்க முடியாமல் சிலர் மறுபடியும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் விடவில்லை. அப்படியே மோரேயில் தங்கிவிட்டார்கள். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் போல, பர்மா எல்லையை ஒட்டிய ஊர். அங்கே அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, காலையில் இட்லி கிடைக்கும். சின்னப்பாட்டி குக்கி பேசுவார், மெய்தெய் பேசுவார், பர்மியமும் பேசுவார். சண்டை போடும்போது மட்டும் தமிழ்.

2023-இல் அங்கே நெட் எல்லாம் துண்டித்துவிட்டார்கள். எப்போதாவது போன் கிடைக்கும். ஒருநாள் கிடைத்தபோது சித்தி மூச்சு வாங்காமல் பேசினார், பக்கத்துத் தெருவில் வீடுகள் எரிந்த கதையை. அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனதில் நிற்கிறது. கடையில் வழக்கமாக ஒரு ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். அதை நிறுத்திவிட்டார்களாம். எந்த மொழிப் பாட்டு போட்டாலும் நீ யார் பக்கம் என்று கேட்பார்கள், தமிழ்ப் பாட்டு போட்டால் ஊர் எரியும்போது பாட்டா என்று கேட்பார்கள். அதனால் கடை பேசாமல் இருந்தது.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அகு பாடுவது மெய்தெய்க்காரரின் மொழி. அவர் எவ்வளவு நியாயமாகப் பாடினாலும் மலையில் அகதி முகாமில் இருக்கிற ஒரு குக்கிப் பெண்ணுக்கு முதலில் கேட்பது அந்த மொழிதான், அர்த்தம் பிறகுதான். இது அவர் குறை என்று சொல்லவில்லை, அந்த இடம் அப்படி. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டு குப்பமும் ஒரே பேச்சு, ஒரே அம்பா, ஒரே சாமி. அந்த அதிர்ஷ்டத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் அம்மா வேண்டாம் என்கிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா?

பைபர் 9.9 (கடலூர்):

நான் பாட்டு கேட்கிறவன் இல்லை. கடலுக்குப் போகிறவன். என் மகன் இதைக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கிறான்.

தம்பி, ஒற்றுமைப் பாட்டு மட்டும் பாடாதே. நாம் எல்லாம் ஒரு தாய் பிள்ளை என்று ஒவ்வொரு அமைதிக் கூட்டத்திலும் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிற்று. அதைச் சொல்கிறவர் டீ குடித்துவிட்டு வண்டி ஏறிப் போய்விடுவார். நாங்கள் மறுநாள் அதே கடலுக்குத்தான் போக வேண்டும்.

கணக்கைப் பாடு. சுருக்குமடிக்குத் தமிழ்நாட்டில் 2000-லேயே தடை வந்தது. தடை இருக்கும்போதே வலை விற்றார்கள், வாங்கினார்கள், யாரும் தடுக்கவில்லை. எங்கள் பக்கம் அது பெருகினது சுனாமிக்குப் பிறகுதான். அப்புறம் 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள் வியாழன் இரண்டு நாள், காலை 8 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் போகலாம் என்று சொன்னது. 12 மைல் தாண்டி எட்டு மணிக்கு அப்புறம் எந்த மத்திக் கூட்டம் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். 12 மைல் என்பதை யார் கடலில் கோடு போட்டுப் பார்ப்பது என்று நாங்கள் கேட்கிறோம். இரண்டு கேள்வியும் நியாயம்தான், எனக்கே தெரியும். ஆனால் கரையில் நின்று இதைச் சொன்னால் என் ஆளே என்னை விடமாட்டான்.

சுருக்குமடி வைத்திருக்கிறவன் எல்லாம் பணக்காரனும் இல்லை. ஒரு வலைக்கு முப்பது நாற்பது பேர் பங்கு, நகையை வைத்துப் போட்டிருப்பான். வலை எரிந்தால் வட்டி எரியாது. சண்டைக்கு முந்தி இதெல்லாம் பேசிக்கொள்வோம். இப்போது பேச்சே இல்லை.

சுனாமி வந்த அன்று அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரை நான் தூக்கினேன். ஒன்றுதான் பிழைத்தது. அது இப்போது பெரிய ஆள். போன வருடம் கடலில் என் படகைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதைப் பாட்டில் போடு என்று சொல்லவில்லை. போடாதே. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

முதலியார்பேட்டை சவுண்டு:

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையே ஓடவில்லை.

வக்கீல் வண்டி (கடலூர்):

உணர்ச்சியெல்லாம் சரி, நடைமுறையையும் யாராவது சொல்ல வேண்டும். மாசி மகத்தன்று கரையில் போலீஸ் பந்தோபஸ்து இருக்கும். பழைய தகராறு இருக்கிற இரண்டு ஊரைப் பற்றிக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பாடினால், நீங்கள் என்ன பாடினீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், தள்ளுமுள்ளு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் கூடாது. இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மதமும் வேண்டும், இல்லையென்றால் அபராதம் உங்கள் வீட்டுக்காரர்கள் தலையில் விழும்.

பாட்டுக்கு எல்லாம் வழக்கா என்று நினைக்காதீர்கள். மக்கள் கலை இலக்கியக் கழகத்துக் கோவன் டாஸ்மாக் கடைகளை மூடச்சொல்லிப் பாடியதற்கு 2015 அக்டோபரில் திருச்சியில் கைதானார், போட்டது தேசத்துரோகப் பிரிவு. பயமுறுத்தவில்லை, தெரிந்துகொண்டு பாடுங்கள் என்கிறேன்.

என் சொந்த அபிப்பிராயம், மாசி மகம் வேண்டாம். சாமி வருகிற நாளில் இது ஒரு ஓரத்துப் பாட்டாகப் போய்விடும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது, கரையில் ஆட்கள் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், காதும் சும்மா இருக்கும். அப்போது மைக்கே இல்லாமல் பாடலாம். அனுமதிப் பிரச்சினையும் குறையும்.

மோரே பேத்தி:

மைக் இல்லாமல் என்பது நல்ல யோசனை. இந்த மணிப்பூர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்ததே, ஒரு கிடாரும் ஒரு குரலும் இருந்தால் போதும் என்று பாட்டு கட்டுவதுதான். அங்கே பேனா என்று ஒரு வாத்தியம் உண்டு, நாம் எழுதுகிற பேனா இல்லை, ஒற்றை நரம்பில் வில் போட்டு வாசிப்பது, கதை சொல்லிப் பாடுவதற்கென்றே இருக்கிறது. பாட்டு சொல்கிற கதை காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். உங்கள் அம்பாவுக்கு அதுவும் தேவையில்லை, கயிறு இழுக்கிற கை இருந்தால் போதும்.

யார் எந்த அடியைப் பாடுவீர்கள் என்று யோசித்தீர்களா? அவன் தப்பை நீ பாடி, உன் தப்பை அவன் பாடினால் அது மறுபடியும் சண்டைதான்.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது பதில் எழுத, மன்னியுங்கள்.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது வேறு எதுவுமில்லை, "அன்னிக்கு நீயும் அங்கதானடா நின்ன" என்றார். அவ்வளவுதான்.

முதல் பதிவில் வலை எரிந்துபோனது என்று எழுதினேன், தானாக எரிந்த மாதிரி. அப்படி இல்லை. எங்கள் ஆட்கள்தான் கொளுத்தினார்கள். நான் அப்போது பிளஸ் டூ. நாலு பேர் மண்ணெண்ணெய்க் கேன் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன், பின்னாலேயே போனேன், ஒன்றும் செய்யவில்லை, நின்று பார்த்தேன். நைலான் எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிதாகச் சுவாலை வராது. சுருங்கிச் சுருங்கி உருகிக் கறுப்புப் பாகு மாதிரி மணலில் இறங்கும், மிதவைகள் ஒவ்வொன்றாக வெடிக்கும், அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும். இத்தனை வருடம் அவனோடு ஒரே மாடியில் வாசிக்கிறேன், இதை அவனிடம் சொன்னதில்லை.

அண்ணே, கணக்கைப் பாடு என்று நீங்கள் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. இம்பால் டாக்கீஸ் ஏன் அப்படிப் பிடித்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவர்கள் ஊர் பெயரைச் சொல்வார்கள், எத்தனை பேர் என்று சொல்வார்கள், யார் நின்றார்கள் என்று சொல்வார்கள். எங்கள் பாட்டில் நாங்கள் முதலில் எழுதி வைத்திருந்தது கடல் தாய், அலை, கண்ணீர், இப்படி. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். முதல் அடியை இப்படி வைத்தேன்:

கேனு தூக்கிப் போனவன் பின்னால – ஏலேலோ
நானும் போனேன் வேடிக்க பாக்க – ஏலேலோ
வளையத்துல வழியுது நைலானு – ஏலேலோ
வாயத் தெறக்கல அன்னிக்கி நானே – ஐலசா

இதைப் பாட்டுக்காரனிடம் பாடிக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்து மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டான். சரி, குழு அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாலு நாள் போன் எடுக்கவில்லை.

நேற்று அவனே வந்து, மாமா உன்னைக் கூப்பிடுகிறார் என்றான். சண்டைக்கு அப்புறம் நான் அந்தக் குப்பத்துக்குள் கால் வைத்ததே இல்லை. சாயங்காலம் இருட்டின பிறகு அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். மாமா வாசலில் வலை ஊசியோடு உட்கார்ந்திருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. பாடு என்றார். கிடார் இல்லாமல், நின்றபடியே பாடினேன். ஏலேலோ எடுக்க யாரும் இல்லை, நானே எடுத்தேன். இரண்டாவது தடவை பாடும்போது பாட்டுக்காரன் சேர்ந்தான்.

முடித்ததும் மாமா உள்ளே போய் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து என் காலடியில் கவிழ்த்தார். வளையங்கள். பித்தளை, கறுத்துப்போய், சிலதில் உருகின நைலான் இன்னும் ஒட்டிக்கொண்டு இருந்தது. மறுநாள் விடிந்ததும் போய்ச் சாம்பலில் பொறுக்கினேன், என் தங்கச்சி புருஷனும் கூட வந்தான், கிடைத்தது அறுபத்திரண்டு என்றார். எண்ணிக்கையைப் பாட்டில் போட்டுக்கொள் என்றார்.

தடைக்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது. இரண்டாவது அடியை அவன் எழுதுகிறான்.